மின்தடையும் பூட்டிய பள்ளியும்

பிப்ரவரி 10, திங்கள்

நேற்றிரவு போன மின்சாரம் காலையிலும் வராததால் பள்ளிக்கு விடுமுறை விட்டிருக்கிறார்கள். அறிவிப்பு ஏழே முக்காலுக்குத்தான் வாட்ஸ்அப் குழுவில் வந்தது; இரவெல்லாம் சார்ஜ் போட வழியில்லாமல் பல வீடுகளில் கைபேசிகள் அணைந்து கிடந்த வேளையில் அது யாரைச் சென்றடையும் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. பூட்டிய வாயிலின் முன் பிள்ளைகள் பையோடு நின்றார்கள். வேலைக்குத் தாமதமானால் அரைநாள் சம்பளம் போய்விடும் என்று ஒரு தாய் காவலாளியிடம் மன்றாடிக்கொண்டிருந்தார்.

பிப்ரவரி 11, செவ்வாய்

இன்றும் விடுமுறை. சன்னலைத் திறந்து வைத்துப் பாடம் நடத்தினால் ஆகாதா என்று பெரியவர்கள் பலர் கேட்கிறார்கள். வெளிச்சத்தைச் சமாளித்துவிடலாம், தண்ணீருக்கு என்ன செய்வது? மோட்டார் ஓடாவிட்டால் மேல்நிலைத் தொட்டி நிரம்பாது, தொட்டி வற்றினால் அத்தனை பிள்ளைகளுக்கும் குடிக்கவோ கழிப்பறைக்கோ தண்ணீர் இருக்காது, அதிலும் மாதவிடாய் நாள்களில் இருக்கும் மாணவிகள் படும் அவதி சொல்லி மாளாது. ஆகவே பள்ளியை மூடியதை நான் குறை சொல்ல மாட்டேன். இந்தக் காரணத்தைப் பெற்றோரிடம் வெளிப்படையாகச் சொல்லாமல், ‘தவிர்க்க இயலாத காரணங்களால்’ என்று எழுதி முடித்ததைத்தான் ஏற்க முடியவில்லை.

பிப்ரவரி 12, புதன்

பழுது, நிலத்தடியில் செல்லும் 11,000 வோல்ட் கேபிளில். புதைந்த கேபிளில் உயர் அழுத்தத் துடிப்புகளைச் செலுத்தி, பழுதான இடத்தில் எழும் ஓசையைத் தரைமேல் நின்று கேட்டறிந்து, அதன்பின் தோண்டி, இணைப்புப் போட்டு, சோதித்துப் பார்த்த பிறகே மின்சாரம் விட முடியும். குழிக்குள் இறங்கி வேலை செய்தவர்களைச் சுற்றி நின்று சிலர் ஏசியது மனத்தை வருத்தியது. மாலையில் மின்சாரம் வந்தது.

பிப்ரவரி 13, வியாழன்

பள்ளி திறந்தது, மாலையில் பெற்றோர் கூடினோம். விடுமுறை அறிவிப்பை முந்தைய இரவே குறுஞ்செய்தியாகவும் அனுப்ப வேண்டும் என்பதைத் தலைமையாசிரியர் உடனே ஒப்புக்கொண்டார். மோட்டாருக்கு மட்டுமாவது ஜெனரேட்டர் வேண்டும் என்றோம். மோட்டார் கிளம்பும் நொடியில் வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும் என்பதால் அதற்கேற்ற திறனுள்ளதை வாங்க வேண்டும் என்று மின்பணி தெரிந்த ஒரு தந்தை விளக்கினார். நிர்வாகத்திடம் கேட்டுச் சொல்வதாகப் பதில் வந்தது. செய்தி தெரியாமல் வந்துவிடும் பிள்ளைகளைப் பெற்றோர் வரும்வரை பார்த்துக்கொள்ள ஆசிரியர் ஒருவராவது வாயிலில் இருக்க வேண்டும் என்ற கோரிக்கைக்கு மட்டும் பதிலே இல்லை. எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமாகப்படுவது அதுதான். அதை மனுவாக எழுதிக் கையெழுத்து வாங்கத் தொடங்கியிருக்கிறோம். நாளை காலை அலுவலகத்தில் கொடுக்கிறோம்.