பிளாக் ஹாக்கை யார் சர்வீஸ் செய்வது?

ஆப்கானிஸ்தானை விட்டு அமெரிக்கா அவசரப்பட்டு வெளியேறியதா என்ற பேச்சு வந்தாலே சிப்பாய்களின் தலையைத்தான் எண்ணுகிறார்கள். 2021 ஏப்ரலில் பைடன் விலகலை அறிவித்தபோது அங்கிருந்தவர்கள் சுமார் 2,500 பேர். ராணுவத்துக்காக வேலை பார்த்த தனியார் நிறுவன ஆட்களான ஒப்பந்தப் பணியாளர்களோ அதைப் போலப் பல மடங்கு. அமெரிக்காவும் தாலிபானும் செய்துகொண்ட 2020 பிப்ரவரி 29 தோஹா உடன்பாட்டின்படி 14 மாதத்தில் அவர்களும் கிளம்ப வேண்டும். அந்த வரியை அன்று யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

சாலைகள் தாலிபான் கையில் இருந்ததால், ஆப்கன் அரசுப் படையின் ஒதுக்குப்புறக் காவல் அரண்களுக்குச் சோறும் தோட்டாவும் ஹெலிகாப்டரில்தான் போகும். காயம்பட்டவர்கள் திரும்புவதும் அதில்தான். ரஷ்யத் தயாரிப்பான எம்ஐ-17ஐ ஆப்கன் மெக்கானிக்குகளே பெரும்பாலும் பழுது பார்த்துவிடுவார்கள். கைப்பழக்கம் அப்படி. அதை ஓரங்கட்டிவிட்டுத் தன் தயாரிப்பான பிளாக் ஹாக் ஹெலிகாப்டரைக் கொடுத்தது அமெரிக்கா. அதன் சர்வீஸ் ஏறக்குறைய முழுக்க ஒப்பந்தக்காரர்களிடம். (என்னைக் கேட்டால் தவறு அங்கேயே தொடங்கிவிட்டது.)

ஒப்பந்தக்காரர்கள் கிளம்பியதும் பறக்கும் நிலையில் இருந்த பிளாக் ஹாக்குகள் 77 சதவீதத்திலிருந்து ஜூனில் 39 சதவீதமாகச் சரிந்தன. அமெரிக்க விமானத் தாக்குதலும் குறைந்துபோனதால், மிஞ்சியவை கூடுதலாகப் பறந்தன. எல்லா ரகமும் சர்வீஸ் கெடுவைக் குறைந்தது 25 சதவீதம் தாண்டி ஓடின. வெளிநாட்டிலிருந்து வீடியோ அழைப்பில் பழுதுபார்க்கச் சொல்லிக்கொடுத்தார்கள். தோட்டா வராத அரணில் இருப்பவன் என்ன செய்வான்? ஊர்ப் பெரியவர்கள் நடுவில் நின்று பேச, ஆயுதத்தை வைத்துவிட்டு வீட்டுக்குப் போனான். ஆகஸ்ட் 6 அன்று முதல் மாகாணத் தலைநகராக ஸராஞ்ச் தாலிபானிடம் விழுந்தது, ஒன்பதே நாளில் காபூல்.

வெளியேறிய வரிசையும் தலைகீழ். தூதரக ஆட்களும் மொழிபெயர்ப்பாளர்களும் காபூலில் இருக்க, இரண்டு ஓடுபாதை கொண்ட பக்ராம் தளத்தை ஜூலைத் தொடக்கத்திலேயே காலிசெய்தார்கள். மிஞ்சியது நகருக்குள் ஒற்றை ஓடுபாதை விமான நிலையம். வாசலில் குவிந்த கூட்டத்தில்தான் ஆகஸ்ட் 26 அன்று குண்டு வெடித்தது. அமெரிக்கப் படையினர் 13 பேரும் ஏராளமான ஆப்கானியர்களும் இறந்தார்கள்.

1989 பிப்ரவரி 15இல் சோவியத் படை வெளியேறியபோதும், அதன் ஆதரவில் இருந்த ஆப்கன் அதிபர் நஜிபுல்லா சில மாதங்கள்கூடத் தாங்கமாட்டார் என்றுதான் கணித்தார்கள். அடுத்த மாதமே ஜலாலாபாத்தில் அவரை எதிர்த்த முஜாஹிதீன் கிளர்ச்சியாளர்களை அவரது படை தடுத்து நிறுத்தியது. காரணம், படை போனாலும் எரிபொருள், தானியம், ஸ்கட் ஏவுகணை எல்லாம் மாஸ்கோவிலிருந்து வந்துகொண்டே இருந்தன. சோவியத் யூனியன் உடைந்து 1992 ஜனவரியோடு அந்த வரத்து நின்றது. வடக்கில் அவர் பக்கம் நின்ற படைத்தளபதி தோஸ்தும் அணி மாறினார். ஏப்ரலில் நஜிபுல்லா ஆட்சி போயிற்று.