ஆகும் தம்பி

அடாப்டரில் குறை இல்லை. இதைத்தான் முதலில் சொல்லத் தோன்றுகிறது. அப்படித் தோன்றுவதுதான் உறுத்தலாகவும் இருக்கிறது.

ஜமுக்காளத்தைப் படமெடுக்கப் பவானிக்காரத் தம்பி வாடகைக்கு எடுத்து வந்த ஃபியூஜி ஜிஎஃப்எக்ஸ் 50எஸ் கேமரா, அவன் கையிலிருந்த பழைய நிக்கான் மவுண்ட் 55 மி.மீ. மேக்ரோ லென்ஸ், இரண்டையும் இணைக்க நடுவில் கோவை கணபதியில் எங்கள் லேத்தில் கடைந்த வளையம். அதுதான் அடாப்டர். நிக்கானின் ஃபிளாஞ்ச் தூரம், அதாவது லென்ஸ் மாட்டுகிற முகத்திலிருந்து ஃபிலிம் அல்லது சென்சார் வரை உள்ள தூரம், 46.5 மி.மீ., ஃபியூஜி ஜி மவுண்டுக்கு 26.7. கழித்தால் 19.8. அந்த உயரத்துக்கு அலுமினியம் கடைந்தால் போதும் என்று பார்ப்பவர்களுக்குத் தோன்றும். அதில் 0.1 குறைந்தால், 55 லென்ஸின் ஸ்கேல் 30 மீட்டர் காட்டும்போதே அடிவானம் ஷார்ப்பாகிவிடும். மேலே திருகினால் தாண்டிப் போகும். 0.1 கூடினால் 30 மீட்டருக்கு அப்பால் எதுவும் ஷார்ப்பே ஆகாது. இரண்டில் முதலாவது தேவலை என்று கடையில் விற்கிற வளையங்கள் பலவும் வேண்டுமென்றே துளி குறைவாக வரும். நம்முடையது 19.78.

கிட்டத்தில் வைத்து எடுக்கிற துணிக்கு இதுகூடப் பெரிய விஷயமில்லை. இரண்டு முகமும் இணையாக இருக்க வேண்டும், அதுதான் விஷயம். ஒரு முகம் எடுத்துவிட்டு, லேத்தில் துண்டைப் பிடிக்கிற சக்கில் திருப்பிப் பிடிக்கும்போது தாடைக்கு அடியில் ஒரு உலோகச் சுருள் சிக்கினாலே 0.05 சாய்ந்துவிடும். 50எஸ்ஸின் ஒரு பிக்சல் 5.3 மைக்ரான், லென்ஸ் துளை (அபெர்ச்சர்) எஃப் 8இல் இருந்தால் சென்சார் பக்கம் ஃபோகஸ் கெடாமல் கிடைக்கிற இடம் முன்னும் பின்னும் 0.04 மி.மீ.தான். சாய்ந்த வளையத்தில் ஜமுக்காளத்தின் இடது கரை இழை இழையாகத் தெரியும், வலது கரை மெழுகிக் கிடக்கும். டயல் கேஜ் வைத்துச் சுற்றிப் பார்த்தேன், முள் ஆடவில்லை. உட்சுவரில் பொடி மரை வெட்டி மேட் கருப்பு அடித்தேன். வழவழப்பாகக் கடைந்து கருப்பு ஏற்றினாலும் சாய்ந்து விழுகிற வெளிச்சத்துக்கு அலுமினியம் கண்ணாடி மாதிரிதான்; மரை வெட்டினால் அது பல்லுக்குள் சிக்கிக்கொள்ளும்.

பிறகு டெஸ்ட். மெனுவில் ‘லென்ஸ் இல்லாமல் எடு’ என்பதை ஆன் செய்யாவிட்டால் ஷட்டரே விழாது. முக்கால்வாசிப் பேர் இங்கேதான் அடாப்டரைத் திட்டுவார்கள். அவன் கொண்டு வந்த ஜமுக்காளத் துண்டு ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவு. அதை ஃபிரேம் நிறைய வைத்து எடுத்தோம். மூலைகள் சுத்தம்.

"முழு ஜமுக்காளத்துக்கும் மூலை வரைக்கும் கவர் ஆகுமுங்களாண்ணா?"

"ஆகும் தம்பி. இப்பத்தான பாத்தே?"

நாலு நாள் கழித்துப் போன் வந்தது. "நாலு மூலையும் கருப்படிச்சுப் போச்சுங்ணா."

துண்டை எடுத்தது கால்வாசி அளவில், அதாவது 1:4. 35 மி.மீ. ஃபிலிமுக்குச் செய்த லென்ஸ் கட்டாயம் கொடுக்க வேண்டிய இமேஜ் சர்க்கிள், அதாவது அது உள்ளே விழவைக்கிற வட்டப் படத்தின் விட்டம், 43.3 மி.மீ. கிட்டத்தில் ஃபோகஸ் செய்ய லென்ஸ் சென்சாரை விட்டு முன்னே நகர நகர இந்த வட்டமும் பெருகும். 1:4இல் நாலில் ஒரு பங்கு கூடி 54ஐத் தொடும். 50எஸ் சென்சாரின் மூலைவிட்டம் 54.8. பெரும்பாலான லென்ஸ்கள் கணக்குக்கு மேல் கொஞ்சம் தாராளமாகவே கொடுக்கும் என்பதால் துண்டில் சுத்தமாக வந்தது. 9 அடி ஜமுக்காளம் அப்படியில்லை. ஃபிரேமில் நிறைய அது 63இல் ஒரு பங்காகச் சுருங்க வேண்டும், அங்கே வட்டம் 44தான். போதாததற்கு அவன் துளையைக் குறுக்கி எஃப் 11இல் எடுத்திருக்கிறான். முழுசாகத் திறந்திருந்தால் மூலை மங்கலாக இறங்கியிருக்கும், சாஃப்ட்வேரில் கொஞ்சம் தூக்கிவிடலாம். அபெர்ச்சரைக் குறுக்கினால் ஓரம் கத்திரித்த மாதிரி நிற்கும். கரை மடங்கும் இடத்தில் சிவப்புப் பட்டையை ஒரு கருப்பு வில் தின்றிருந்தது. அந்தப் படத்தை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

வளையத்தின் வாய்தான் குறுகலோ என்று எனக்கே சந்தேகம் வந்தது. உட்கார்ந்து கோடு போட்டுப் பார்த்தேன். வாய் வெட்டுவதாக இருந்தால் கிட்டத்தில்தான் அதிகம் வெட்டும். லென்ஸ் முன்னே போகும்போது மூலைக்குப் போகிற கதிர் வளையத்தைக் கடக்கும் இடத்தில் நடுவை விட்டு இன்னும் விலகியிருக்கும். ஆக, வளையம் குற்றவாளி என்றால் பட்டறையிலேயே மாட்டியிருக்கும். இதைக் கண்டுபிடித்தபோது வந்த நிம்மதி டீ ஆறும் வரைகூட நிற்கவில்லை. அளந்து செய்ததெல்லாம் சரி; அளக்காமல் சொன்னது அந்த "ஆகும்" ஒன்றுதான்.

ஏனுங்க, லேத்துக்காரனிடம் லென்ஸைப் பற்றிக் கேட்டால்? லென்ஸ் தம்பியுடையது, கேமரா வாடகைக்காரருடையது, வளையத்துக்கு மட்டும்தான் காசு வாங்கினேன். இப்படி ஒரு நாள் சொல்லிக்கொள்வேன். மறுநாள், "தெரியாது தம்பி" என்று சொல்ல எத்தனை நொடி ஆகியிருக்கும் என்று தோன்றும். எதிர்ச் சுவரில் தினசரித் தாளை ஒட்டி, 12 அடி பின்னுக்குப் போய் எஃப் 11இல் ஒரு படம் எடுத்துப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். அத்தனை இடம் பட்டறையில் உண்டு, அன்றைக்குப் பேப்பரும் கிடந்தது.

சென்சாரின் நடுவில் ஃபிலிம் அளவு இடத்தை மட்டும் எடுக்கிற 35 மி.மீ. மோடில் போட்டு எடுக்கச் சொன்னேன். 5 கோடி பிக்சல் சுமார் 3 கோடியாகக் குறையும், மூலை வெளியே போய்விடும். ஆனால் அதே ஜமுக்காளம் ஃபிரேமில் அடங்க 14 அடி பின்னுக்குப் போக வேண்டும். "தறிக்கொட்டாயில 12 அடிக்கு மேல சுவருங்ணா" என்றான். கடைசியில் பாதி பாதியாக எடுத்து ஒட்டினான். பட்டைகள் நேர்கோடு என்பதால் ஒட்டு தெரியவில்லையாம், வாங்கினவர்களும் ஒன்றும் சொல்லவில்லையாம். அப்படியானால் என்ன கெட்டுப்போனது என்று கேட்கலாம். பெரிய சென்சாருக்காக வாடகை கொடுத்தவன் அதில் ஃபிலிம் அளவு இடத்தை மட்டும் புழங்கியிருக்கிறான். அவன் சொந்தக் கேமராவிலேயே அந்த அளவு உண்டு.

போன வாரம் மறுபடி கூப்பிட்டான். மாமியா 645 மவுண்டில் 80 மி.மீ. கிடைத்திருக்கிறதாம். "இது கவர் ஆகுமுங்களாண்ணா?"

56க்கு 41.5 மி.மீ. ஃபிலிமுக்குச் செய்த லென்ஸ், மூலைவிட்டம் 70 பக்கம். தூரமோ கிட்டமோ, எங்கே வைத்தாலும் 54.8ஐ நிரப்பும். இந்தத் தடவை கணக்குப் போட்டுவிட்டுத்தான் சொன்னேன். "ஆகும் தம்பி."

ஃபிளாஞ்ச் 63.3, கழித்தால் 36.6. துண்டு வெட்டி, சக்கில் ஏற்றி, முதல் முகம் எடுக்கும்போதுதான் உறைத்தது. 80 மி.மீ. லென்ஸில் 9 அடி ஜமுக்காளம் அடங்க 17 அடி வேண்டும். அவனுடைய சுவர் 12 அடியில் இருக்கிறது.

மூலையைப் பற்றித்தான் கேட்டான், மூலையைப் பற்றிச் சொன்னது சரிதான். லேத்தை நிறுத்திவிட்டுப் போனை எடுத்தேன். கை முழுக்க கூலன்ட். துடைத்துவிட்டுப் பேசலாம் என்று வைத்தது, இன்னும் பேசவில்லை. துண்டு சக்கிலேயே இருக்கிறது.