கீமோ தந்த மதமதப்பு: எது உதவியது, எது வேண்டாம் என்றார்கள்

புற்றுநோய்க்கு பாக்லிடாக்சல் என்ற கீமோ மருந்து ஏற்ற ஆரம்பித்த சில வாரங்களிலேயே விரல் நுனிகள் மதமதத்துப் போயின. ரவிக்கை ஊக்கை மாட்ட முடியவில்லை. செருப்பு காலில் இருக்கிறதா, கழன்றுவிட்டதா என்று குனிந்து பார்த்தால்தான் தெரியும். ராத்திரியில் பாதம் எரியும். நீளமான நரம்புகளின் நுனிதான் இந்த மருந்துக்கு முதலில் அடிபடுமாம். டாக்டரிடம் உடனே சொன்னதால் டோஸைக் குறைத்தார்.

அதற்குள் மும்பை மாட்டுங்காவில் தெரிந்தவர்கள் எல்லாரும் வைத்தியர் ஆகிவிட்டார்கள். வைட்டமின் பி6 மாத்திரை போடு, மஞ்சள் கேப்சூல் சாப்பிடு, ஃபைவ் கார்டன்ஸ் பூங்கா புல்லில் வெறுங்காலோடு நட. எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போய் டாக்டரிடம் கேட்டேன். பி6 அளவு மீறினால் அதுவே நரம்பைக் கெடுக்கும். மஞ்சள் சாம்பாரில் இருக்கட்டும். கேப்சூல் கீமோ மருந்தோடு மோதலாம். வெறுங்கால் கூடவே கூடாது, முள் குத்தினாலும் தெரியாது. அசிட்டைல் எல்-கார்னிடின் என்ற சப்ளிமென்டையும் வேண்டாம் என்றார். பாக்லிடாக்சல் வகை மருந்து எடுத்தவர்களிடம் நடந்த ஆய்வில் அது மதமதப்பை அதிகமாக்கியிருக்கிறது.

எனக்கு உதவியது பிசியோதெரபிதான். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது, அப்புறம் ஒற்றைக் காலில் நிற்பது. கைக்கு, அரிசி டப்பாவில் ராஜ்மாவும் கொண்டைக்கடலையும் புதைத்து வைத்துத் தேட வேண்டும். "அம்மா, கண்ணைத் திறக்காதே!" என்று மகள் பக்கத்திலேயே காவல். முதலில் எது ராஜ்மா, எது கடலை என்றே புரியவில்லை. உருண்டை தட்டுப்பட ஆரம்பித்த நாளில் இரண்டு பேரும் கத்திவிட்டோம்.

மதமதப்பு வராமலிருக்க, கீமோ ஏறும்போது சிலர் ஐஸ் கையுறை போட்டுக்கொள்கிறார்கள். ஆய்வு முடிவுகள் ஒரே மாதிரி இல்லை. ஆக்சாலிபிளாட்டின் என்ற இன்னொரு கீமோ மருந்து ஏற்றுகிறவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம். அவர்களுக்கு ஃப்ரிட்ஜ் தண்ணீர் பட்டாலே விரலும் தொண்டையும் குத்தும்.

படுக்கும் முன் வெதுவெதுப்பான தேங்காய் எண்ணெய் தடவி லேசாகப் பிடித்துவிட்டால் இதமாக இருந்தது. சூட்டை என் விரலால் பார்க்க முடியாது, கணவர்தான் பார்ப்பார். அதற்கும் எரிச்சல் அடங்காத காலத்தில் டாக்டர் நரம்பு வலிக்கு டுலாக்சிடின் என்ற மாத்திரை எழுதிக் கொடுத்தார். இயற்கை முறை மட்டும்தான் என்ற பிடிவாதமெல்லாம் எனக்குக் கிடையாது, தூங்க வேண்டுமே.

கை பெரும்பாலும் சரியாகிவிட்டது. கால் விரல்கள் இன்னும் அரைகுறைதான். அதனால் வீட்டுக்குள்ளும் செருப்பு. பூஜை அறை வாசலில் மட்டும் அத்தையோடு பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது.