பேட்டி ஒலிப்பதிவு: காலர் மைக்கும் ஒரு சாண் தூரமும்

தொலைக்காட்சிப் பேட்டியில் படம் கொஞ்சம் மங்கினாலும் பார்ப்பவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். பேச்சு புரியாவிட்டால் சேனலை மாற்றிவிடுவார்கள்.

காலர் மைக்கை, அதாவது சட்டையில் கிளிப்பால் மாட்டும் சிறிய மைக்கை, மோவாய்க்கு ஒரு சாண் கீழே, நெஞ்சின் நடுவில் குத்துங்கள். கழுத்தை ஒட்டி வைத்தால் மோவாயின் மறைவில் குரல் அமுங்கும். ஒரு பக்கமாக வைத்தால், விருந்தினர் மறுபக்கம் திரும்பும்போதெல்லாம் சத்தம் இறங்கும்.

'சரசர' சத்தம் வந்தால் எல்லோரும் மைக்கையே நோண்டுவார்கள். பல நேரம் குற்றவாளி வயர்தான். கிளிப்புக்குக் கீழே வயரைச் சின்ன வளையமாகச் சுற்றி, அதைக் கிளிப்பின் பிடிக்குள் சொருகி, மிச்சத்தைத் துணியின் உள்புறம் டேப்பால் ஒட்டிவிடுங்கள். கீழே வயர் இழுபட்டாலும் அந்த இழுப்பு வளையத்தோடு நின்றுவிடும். பட்டும் பாலியெஸ்டரும் அதிகம் உரசும்; பருத்தியில் தொல்லை குறைவு. கழுத்துச் சங்கிலி மைக்கில் தட்டுகிறதா என்றும் பாருங்கள்.

லெவல், அதாவது பதிவாகும் குரலின் அளவு, பார்க்க "ஒன்று, இரண்டு" எண்ணச் சொல்லாதீர்கள், அது பேட்டிக் குரல் அல்ல. காலையில் என்ன சாப்பிட்டார் என்று கேளுங்கள். ஒலிப்பதிவுக் கருவியின் மீட்டரில் குரலின் உச்சம் மைனஸ் 12 டெசிபலைச் சுற்றி இருக்கட்டும்; பூஜ்யம்தான் அதன் மேல் எல்லை. பூஜ்யத்தில் முட்டி உடைந்த குரலை எடிட்டிங்கில் முழுதாக மீட்க முடியாது.

முடிந்ததும் யாரையும் எழவிடாமல், விளக்கு, ஏசி எதையும் மாற்றாமல், 30 நொடி அறையின் அமைதியை, அதாவது யாரும் பேசாதபோதும் அங்கே இருக்கும் மெல்லிய இரைச்சலை, பதிவுசெய்யுங்கள். அவசரத்தில் முதலில் கைவிடப்படுவது இதுதான், எனக்கு மிகவும் வருத்தம் தருவதும் இதுதான். இருமலை வெட்டிய இடத்தில் வெறும் மௌனம் வைத்தால் காது உடனே கண்டுபிடித்துவிடும். எடிட்டர் அந்த இடைவெளியை இந்த 30 நொடியிலிருந்துதான் நிரப்புவார்.