கிணற்றை மேலிருந்து படியுங்கள்: நுண்புதைபடிவத் தாள் அனுபவம்

நுண்புதைபடிவங்கள், அதாவது நுண்ணோக்கியில் பார்க்கும் பழங்கால உயிர் எச்சங்கள் பற்றிய தேர்வுத் தாளுக்கு நான் முதலில் படித்த விதமே தப்பு. ஃபொராமினிஃபெரா (ஓடுள்ள ஒருசெல் கடலுயிர்கள்) இனப் பெயர்களை வரிசையாக மனப்பாடம் செய்தேன். மாதிரித் தேர்வில் வந்ததோ ஓர் எண்ணெய்க் கிணற்றின் அட்டவணை: எந்த ஆழத்தில் எந்தப் புதைபடிவம். அடுக்குகளுக்கு வயது சொல்ல வேண்டும், பக்கத்துக் கிணற்றோடு இணைக்க வேண்டும்.

ஒரே பாறை மாதிரியில் ஆர்புலினா, குளோபோட்ரங்கானா என்ற இரண்டு ஃபொராமினிஃபெராக்களும் இருந்தன. முன்னது தோன்றியது சுமார் 1.5 கோடி ஆண்டுகளுக்கு முன், மயோசீனில். பின்னது 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், கிரெட்டேசியஸ் முடிவோடு அழிந்துபோனது. இரண்டும் ஒன்றாக வாழ்ந்திருக்கவே முடியாது. இளையதை வைத்துத்தான் வயது சொல்ல வேண்டும் என்று படித்திருந்ததால் மயோசீன் என்று எழுதினேன். மதிப்பெண் பூஜ்யம்.

மாதிரி எப்படி எடுக்கப்பட்டது என்று நான் பார்க்கவே இல்லை. முழுத் தண்டாக வெட்டியெடுத்த பாறை என்றால் என் விடை சரி. பழைய ஓடு அரிப்பில் பெயர்ந்து புதிய படிவில் சேர்ந்திருக்கும். ஆனால் அது துளையிடும்போது சேற்றோடு மேலே வரும் பாறைத் துகள். அதில் மேல் சுவரிலிருந்து இளைய ஓடுகள் உதிர்ந்து கலப்பது சகஜம். அதனால் துகள் மாதிரியில் ஓர் இனம் தோன்றிய மட்டத்தை நம்ப முடியாது. மேலிருந்து இறங்கும்போது அது முதலில் எதிர்ப்படும் இடத்தை, அதாவது அது அழிந்த மட்டத்தைத்தான் பிடிக்க வேண்டும். பெயர்ந்து வந்த பழைய ஓடு இங்கேயும் ஏமாற்றலாம். தேய்ந்த ஓடா, கூடவே அதே காலத்து மற்ற இனங்கள் உண்டா என்று பாருங்கள்.

அப்புறம் பெயர்ப் பட்டியலைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஓர் இருபது இனங்களுக்கு மட்டும் காலக்கோடுகளைக் கையால் வரைந்தேன். டைனோசர்களுக்கு முந்தைய தொல்லுயிர் ஊழிக்குக் கொனோடோன்ட்டுகள் (ஈல் போன்ற பழங்காலக் கடல் விலங்குகளின் பல் போன்ற நுண்பகுதிகள்) போதும். அதற்கு அடுத்து வந்த டிரையாசிக் காலத்தின் முடிவில் அவை மறைந்துவிடும். தொல்லுயிர் ஊழியின் கடைசிக் காலமான பெர்மியனுக்கும் டிரையாசிக்குக்கும் இடையிலான எல்லையே சீனாவின் மெய்ஷானில் ஹிண்டியோடஸ் பார்வஸ் என்ற கொனோடோன்ட் முதலில் தோன்றும் மட்டத்தில்தான் குறிக்கப்பட்டிருக்கிறது. ஆழ்கடல் படிவில் சுண்ண ஓடுகள் கரைந்துபோயிருந்தால் சிலிக்கா ஓடுள்ள ஒருசெல் உயிர்களான ரேடியோலேரியாவைத் தேடுங்கள்.

செய்முறைத் தேர்வில், நுண்ணோடுகளைப் பிரித்தெடுக்கும் 63 மைக்ரான் சல்லடையை எப்படிச் சுத்தம் செய்வீர்கள் என்று கேட்பார்கள். கழுவியபின் மெத்திலீன் நீலம் என்ற சாயத்தில் முக்கி எடுக்க வேண்டும். அடுத்த மாதிரியில் நீல ஓடு தென்பட்டால் அது முந்தைய மாதிரியின் மிச்சம், கணக்கில் சேர்க்காதீர்கள்.