அம்மாவின் கனடா விசா: ஒரு மறுப்பும் இரண்டாவது விண்ணப்பமும்

அக்காவுக்கு இரண்டாவது பிள்ளை பிறக்கப்போகிறது என்று தெரிந்த அன்றே அம்மா சரக்குத்தூளுக்கு மல்லியையும் மிளகையும் வெயிலில் காயப்போட்டுவிட்டார். அது 2023 தை மாதம். அக்கா இருப்பது ரொறன்ரோவில், ஸ்காபரோப் பக்கம். அம்மாவும் நானும் யாழ்ப்பாணம் கொக்குவிலில். பிள்ளைப்பேற்றுக்குத் தாய் பக்கத்தில் நிற்க வேண்டும் என்பதை எங்கள் ஊரில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. விசா அதிகாரிக்கு விளக்க வேண்டும். முதல் தடவை நாங்கள் அதைச் செய்யவில்லை. அதனால் அம்மா போய்ச் சேர்ந்தபோது பிள்ளை எழும்பி நடக்கத் தொடங்கிவிட்டது.

யாழ்ப்பாணத்தில் விசா என்று வாய் திறந்தால் முதலில் வருகிற கேள்வி, "ஆரிட்டைக் குடுத்தனீங்கள்?" என்பதுதான். நீங்களே செய்கிறீர்களா என்று யாரும் கேட்பதில்லை. நாங்களும் சொந்தக்காரர் ஒருவர் சொன்ன ஆளிடம் போனோம். ஒன்றரை இலட்சம் கேட்டார், கொடுத்தோம். அம்மாவின் பாஸ்போர்ட், அடையாள அட்டை, வங்கிப் புத்தகம், அக்காவின் அழைப்புக் கடிதம் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். "வங்கியில காசு காணாது, ஒரு இருபது இலட்சம் போட்டுக் காட்டுங்கோ" என்றார். அத்தான் அனுப்பினார். விண்ணப்பத்துக்கு ஒன்பது நாட்களுக்கு முன்பு அந்தக் காசு அம்மாவின் கணக்கில் வந்து விழுந்தது.

கைரேகை கொடுக்கக் கொழும்புக்கு இரவு பஸ்ஸில் போனோம். விடிய வெள்ளவத்தையில் இறங்கி, உறவினர் வீட்டில் முகம் கழுவி, ஒன்பது மணிக்கு விண்ணப்ப நிலையத்தில் நின்றோம். பத்து விரலும் ஒரு படமும், அவ்வளவுதான். பத்து நிமிட வேலைக்கு இரண்டு இரவுப் பயணம். அம்மாவின் விரல்கள் தேய்ந்து போயிருந்ததால் மெஷின் இரண்டு முறை எடுக்கவில்லை. அங்கே வேலை செய்த பிள்ளை ஈரத்துணியால் பொறுமையாகத் துடைத்துத் துடைத்து எடுத்தாள். விசாவுக்கு 100 கனேடிய டொலர், கைரேகைக்கு 85. கைரேகை பத்து வருடத்துக்குச் செல்லும் என்பது எனக்கு அப்போது தெரியாது.

மறுப்பு வந்ததைக்கூட நாங்களாகத் தெரிந்துகொள்ளவில்லை. இணைய விண்ணப்பக் கணக்கை அந்த ஆள் தன்னுடைய மின்னஞ்சலில் திறந்திருந்தார். கடிதம் வந்து மூன்று கிழமைக்குப் பிறகு, நான் நாலாவது தடவை கேட்டபோதுதான், "றிஜெக்ட் தங்கச்சி, திரும்பப் போடுவம்" என்றார். கடிதத்தில் இருந்த காரணங்கள் எல்லோருக்கும் வருகிறவைதான்: கனடாவிலும் சொந்த நாட்டிலும் உள்ள குடும்பப் பிணைப்பு, நிதி நிலைமை, பயண நோக்கம். தங்கும் காலம் முடிந்ததும் வெளியேறுவார் என்பதில் அதிகாரிக்குத் திருப்தி இல்லை. அம்மா அதை வாசித்துவிட்டு, "நான் திரும்பி வராமல் அங்கை என்ன செய்யப்போறன் பிள்ளை?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கான பதில்தான் விண்ணப்பத்தில் இல்லாமல் போனது என்று இப்போது விளங்குகிறது.

அந்த ஆளிடம் சண்டை பிடித்து முழுக் கொப்பியையும் வாங்கினேன். இரவு இருந்து வாசித்தேன். வாசித்து முடித்தபோது மறுப்புக் கடிதத்தின் மேல் இருந்த கோபம் போய்விட்டது.

பயண நோக்கத்துக்கென்று இருந்த கடிதம் யாருக்கும் பொருந்தக்கூடியது. "கனடாவின் அழகிய இடங்களைப் பார்க்க விரும்புகிறேன்" என்று அம்மா சொல்வதாக எழுதியிருந்தது. பிள்ளைப்பேறு பற்றி ஒரு வரி இல்லை. ஆசிரியையாக இருந்து பெறும் ஓய்வூதியம் பற்றி இல்லை. நானும் என் மகனும் அம்மாவோடு ஒரே வீட்டில் இருப்பது பற்றி இல்லை. காசு வாங்கிக்கொண்டு விண்ணப்பம் செய்கிறவர் கனடாவில் உரிமம் உள்ள ஆலோசகராகவோ சட்டத்தரணியாகவோ இருக்க வேண்டும், அவருடைய பெயரும் படிவத்தில் இருக்க வேண்டும். இவர் தன் பெயரை எங்கும் போடவில்லை. அம்மாவே எல்லாவற்றையும் நிரப்பியதுபோல் காட்டியிருந்தார்.

குடும்ப விவரப் படிவத்தில் பிள்ளைகள் என்ற இடத்தில் இரண்டு பெயர்தான் இருந்தது. அக்காவும் நானும்.

எங்களுக்கு ஒரு அண்ணா இருக்கிறார். 2006 ஆகஸ்டில், யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதையை மூடியபோது அவர் கிளிநொச்சியில் வேலையில் இருந்தார். வர முடியவில்லை. 2009 மாசிக்குப் பிறகு ஒரு செய்தியும் இல்லை. அம்மா மரணச் சான்றிதழ் எடுக்கவில்லை. 2016 இல் சட்டத்தைத் திருத்தி, காணாமற்போனவர்களுக்கு 'காணக்கிடைக்காமைச் சான்றிதழ்' எடுக்கலாம் என்று வந்தபோது நான் ஒருமுறை பேச்சை எடுத்தேன். "அவன்ரை பேரிலை ஒரு கடுதாசியும் வேண்டாம்" என்று எழும்பிப் போய்விட்டார். பிறகு நான் கேட்டதில்லை.

அண்ணாவின் பெயரை ஏன் விட்டீர்கள் என்று அந்த ஆளைக் கேட்டேன். "அதை எழுதினால் தேவையில்லாத கேள்வி வரும்" என்றார். அம்மாவுக்கு இதைச் சொல்லாமல் இருக்கலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். ஆனால் அடுத்த படிவத்தில் கையெழுத்து வைக்கப்போவது அம்மாதான். சொன்னேன். அன்று அவர் சாப்பிடவில்லை. விசா கிடைக்காததற்கு இப்படி இருக்கவில்லை.

இரண்டாவது விண்ணப்பத்தை நானே செய்வதென்று அன்றைக்கே முடிவெடுத்தேன். ஆனால் உடனே போடவில்லை. அதே காகிதத்தைத் திரும்பப் போட்டால் அதே பதில்தான் வரும். அக்கா கனடியப் பிரசை. அம்மாவின் ஒப்புதல் கடிதத்தோடு 5 டொலர் கட்டி, தகவல் அறியும் சட்டத்தின்கீழ் அதிகாரி எழுதிவைத்த குறிப்புகளைக் கேட்டு எடுத்தாள். கடிதத்தில் இல்லாத விடயம் அங்கே இருந்தது: பெரிய தொகை அண்மையில் வைப்பிலிடப்பட்டுள்ளது, எங்கிருந்து வந்தது என்று விளக்கமில்லை. அந்த இருபது இலட்சம் எங்களைத் தூக்கிவிடவில்லை, இழுத்து விழுத்தியது. இப்போது நிலைமை கொஞ்சம் நல்லது. 2025 ஆடிக் கடைசியிலிருந்து சில வகை விண்ணப்பங்களுக்கு மறுப்புக் கடிதத்தோடே அதிகாரியின் குறிப்பையும் அனுப்பத் தொடங்கியிருக்கிறார்கள்.

பிறகு பெயர்ப் பிரச்சினை. இது எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் வரும், முதலிலேயே பார்த்துவிடுங்கள். அம்மாவின் பெயரில் வருகிற 'வ' பாஸ்போர்ட்டில் 'வி' எழுத்தாகவும், பழைய அடையாள அட்டையில் 'டபிள்யூ' எழுத்தாகவும் இருந்தது. அக்காவின் பிறப்புச் சான்றிதழ் தமிழில் இருக்கிறது. அதை ஆங்கிலத்துக்கு மொழிபெயர்த்தவர் தனக்குத் தெரிந்தபடி மூன்றாவதாக ஒரு விதத்தில் எழுதிவிட்டார். அம்மாவுக்கும் அக்காவுக்கும் உள்ள உறவைக் காட்டுகிற ஒரே பத்திரம் அதுதான். காகிதத்தை மட்டும் பார்க்கிறவருக்கு அது மூன்று வெவ்வேறு பெண்கள். சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் பாஸ்போர்ட்டைக் கையோடு கொண்டுபோய், அதிலுள்ள எழுத்துப்படியே திரும்ப எழுதுவித்தோம். மூன்று விதமாக எழுதப்பட்டதும் ஒரே ஆள்தான் என்று சமாதான நீதவான் முன்னிலையில் ஒரு சத்தியக்கடதாசியும் முடித்தோம்.

அம்மாவின் விவாகப் பதிவுப் பத்திரம் போர்க்காலத்தில், 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமமே எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது தொலைந்தது. ஐயாவின் சைக்கிளில் கட்டியிருந்த பெட்டியில் இருந்ததாம். பிரதேச செயலகத்தில் பழைய பதிவுப் புத்தகத்தைத் தேடி, சான்றுப்படுத்திய பிரதி தந்தார்கள். அதைக் கையில் வாங்கியபோது அம்மா ஐயாவின் கையெழுத்தைத் தேடினார். பிரதியில் அது இருக்காது என்று எழுதுவினைஞர் மெதுவாகச் சொன்னார்.

பாஸ்போர்ட் முடிய ஒன்றரை வருடம் இருந்தது. பாஸ்போர்ட் முடிகிற திகதியைத் தாண்டி விசா தரமாட்டார்கள் என்பதால் முதலில் அதைப் புதுப்பித்தோம். 2024 பங்குனியில் சாதாரண சேவைக்கு 10,000 ரூபா, ஒருநாள் சேவைக்கு 20,000. படம் அங்கீகரிக்கப்பட்ட ஸ்ரூடியோவில்தான் எடுக்க வேண்டும். அவர்களே நேரடியாக அனுப்பிவிட்டு ஒரு துண்டு தருவார்கள். அதற்காக வவுனியாவுக்குப் போனோம். 2025 செப்ரெம்பரில் இருந்து யாழ்ப்பாணக் கச்சேரியிலேயே (மாவட்டச் செயலகத்தில்) பாஸ்போர்ட் அலுவலகம் இருக்கிறது. வயதானவர்களோடு விடியப்புறம் பஸ் ஏறி வரிசையில் நின்றவர்களுக்குத்தான் இது எவ்வளவு பெரிய விடயம் என்று தெரியும்.

பிள்ளைகளிடம் போகும் பெற்றோருக்குக் கனடா கொடுக்கிற சுப்பர் விசாவும் யோசித்தோம். அதில் ஒருமுறை போனால் ஐந்து வருடம் வரை நிற்கலாம். ஆனால் குறைந்தது 100,000 டொலருக்கு ஒரு வருட மருத்துவக் காப்புறுதி, மருத்துவப் பரிசோதனை, பிள்ளையின் வருமானத்துக்கு ஓர் அளவு என்று எல்லாம் வேண்டும். அக்கா பிரசவ விடுமுறையில் இருந்தாள். அதோடு அம்மாவுக்கு ஐந்து வருடம் வேண்டியதுமில்லை. சாதாரண வருகை விசாவே போதும் என்று விட்டோம்.

பயண நோக்கக் கடிதத்தை அம்மா தமிழில் சொல்லச் சொல்ல நான் எழுதி, பிறகு இருவரும் ஆங்கிலமாக்கினோம். ஒன்றரைப் பக்கம். பேரப்பிள்ளை பிறந்தபோது வர முடியாமல் போனது, முதல் விண்ணப்பம் மறுக்கப்பட்டது, அதில் என்னென்ன விடுபட்டன, அந்த வைப்புப் பணம் மருமகன் அனுப்பியது, பிறகு திருப்பி அனுப்பப்பட்டது. எல்லாவற்றையும் எழுதினோம். வங்கியில் இருந்தது அம்மாவின் ஓய்வூதியச் சேமிப்பு மட்டும். அதையே ஆறு மாதக் கூற்றாகக் காட்டினோம். செலவு அக்காவுடையது என்பதற்கு அவளும் அத்தானும் வேலைக் கடிதம், சம்பளத் துண்டுகள், வருமான வரி மதிப்பீட்டு அறிவித்தல் அனுப்பினார்கள். வீட்டு உறுதியும் வைத்தோம். நான் மிகவும் நம்பியது வேறொன்று: ஓய்வூதியம் எடுப்பவர் ஒவ்வொரு வருடத் தொடக்கத்திலும் தான் உயிரோடு இருப்பதைப் பிரதேச செயலகத்துக்கு உறுதிப்படுத்த வேண்டும். தைக்குள் அம்மா வந்தாக வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல காரணம் எங்களிடம் இல்லை.

'முன்பு எந்த நாடாவது உங்களுக்கு விசா மறுத்ததா?' என்ற கேள்வி வந்த இடத்தில், பக்கத்து வீட்டு அண்ணை "இல்லை எண்டு போடு, ஏன் வில்லங்கம்" என்றார். ஆம் என்று போட்டேன். மறுத்ததே அவர்கள்தான், அது அவர்களின் கணினியில் இருக்கிறது. தவறான தகவல் கொடுத்ததாகக் கண்டால் ஐந்து வருடத்துக்குத் தடை வரும். தயவுசெய்து இந்த ஒரு இடத்தில் யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

பிள்ளைகள் பகுதிக்கு வந்தபோது அம்மாவைப் பக்கத்தில் இருத்தினேன். அண்ணாவின் பெயர், பிறந்த திகதி போட்டேன். தற்போதைய முகவரி என்ற கட்டத்தில் விரல் நின்றுவிட்டது. இறந்திருந்தால் திகதியும் இடமும் எழுதச் சொல்கிறார்கள். காணாமற்போனவருக்கு அங்கே இடமில்லை. அம்மாதான் சொன்னார்: "தெரியாது எண்டு எழுது. அதுதானே உண்மை." அப்படியே எழுதினோம். தனித்தாளில், 2009 இலிருந்து தொடர்பு இல்லை, மரணச் சான்றிதழ் எடுக்கவில்லை என்று நாலு வரி. பழைய முறைப்பாட்டுத் துண்டின் கொப்பியும் வைத்தோம். ஒரு கேள்வியும் வரவில்லை.

2024 வைகாசியில் அனுப்பினோம். கைரேகை செல்லுபடியாக இருந்ததால் 100 டொலர் மட்டும். ஏழு கிழமையில் பாஸ்போர்ட்டை அனுப்பச் சொல்லிக் கடிதம் வந்தது. இந்த முறை என் மின்னஞ்சலுக்கு. பல தடவை போய்வரும் விசா கிடைத்தது. 2024 கார்த்திகையிலிருந்து, அப்படிப் பல தடவை விசாவையே வழமையாகக் கொடுப்பதை மாற்றிவிட்டார்கள். எவ்வளவு காலம், எத்தனை தடவை என்பதை அதிகாரி பார்த்து முடிவெடுப்பார். ஆகவே எங்களுக்குக் கிடைத்ததை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

ரிக்கெற் எடுக்கும்போது ஒன்றைக் கவனித்தோம். இலங்கைக் கடவுச்சீட்டுக்கு ஐரோப்பாவின் ஷெங்கன் விமான நிலையங்களில் விமானம் மாறுவதற்கே தனி விசா வேண்டும். செல்லுபடியாகும் கனடா விசா இருந்தால் அதற்கு விலக்கு உண்டு. அமெரிக்கா வழியாக என்றால் விலக்கில்லை. அம்மா டோஹா வழியாகப் போனதால் இந்தச் சிக்கலே வரவில்லை.

பெட்டியில் பனங்கட்டி, ஒடியல்மா, மிளகாய்த்தூள், கருவாடு. பச்சை இலை, பழம் ஒன்றும் வைக்கவில்லை. சாப்பாட்டுப் பொருள் எல்லாவற்றையும் அங்கே இறங்கியதும் அறிவிக்க வேண்டும், மறைத்தால் 1,300 டொலர் வரை தண்டம் என்று அக்கா திரும்பத் திரும்பச் சொன்னதால், எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் எழுதி அம்மாவின் கையில் கொடுத்துவிட்டேன். மருந்துகளை மருந்துச் சீட்டோடு, வாங்கிய பெட்டியிலேயே வைத்தோம். பியர்சன் விமான நிலையத்தில் அதிகாரி அந்தத் தாளை வாசித்துவிட்டுக் கருவாட்டைப் பற்றி மட்டும் ஒரு கேள்வி கேட்டாராம். எவ்வளவு நாள் என்றதற்கு அம்மா, "தையில் திரும்ப வேண்டும், பென்ஷன்" என்று தன் ஆசிரியை ஆங்கிலத்தில் சொல்லியிருக்கிறார். முத்திரையில் வேறு திகதி எழுதாவிட்டால் ஆறு மாதம் என்பதுதான் கணக்கு. அம்மா நாலரை மாதத்தில் வந்துவிட்டார்.

2025 பொங்கலுக்கு அடுத்த கிழமை பிரதேச செயலகத்துக்குப் போய் உயிர்ச் சான்றுக்குக் கையெழுத்து வைத்தார். வந்ததும் விசாக் கோப்பைக் கேட்டார். பழைய விண்ணப்பத்தைக் கிழித்து அடுப்பில் போட்டார். இரண்டாவது விண்ணப்பத்தின் குடும்ப விவரப் படிவத்தை மட்டும் தனியாக எடுத்து, அலுமாரியில் அண்ணாவின் ஓ.எல். பெறுபேற்றுத் தாள் இருக்கிற உறைக்குள் வைத்தார்.