குடிலுக்குள் மழை பெய்யாது

ஓசூரிலிருந்து தளி பக்கம் போனால் பாலிஹவுஸ்கள், அதாவது பிளாஸ்டிக் ஷீட் கூரை போட்ட பயிர்க் குடில்கள், நிறையத் தென்படும், ரோஜா, ஜெர்பரா, குடைமிளகாய் என்று. அதைப் பார்த்துவிட்டு "நாங்களும் ஒன்று போடலாமா, மானியம்கூடத் தருகிறார்களாமே" என்று கேட்கிறவர்கள் அதிகம். நான் 25 சென்ட்டில் குடைமிளகாய் வைக்கிறேன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: கூரை போட்ட அன்றிலிருந்து மழையும் காற்றும் தேனீயும் சும்மா செய்துகொண்டிருந்த வேலையெல்லாம் உங்கள் தலையில் வந்துவிடும். அதற்குத் தயார் என்றால் தாராளமாகப் போடுங்கள்.

முதலில் காற்று. குளிர் நாடுகளில் சூட்டைப் பிடித்து வைக்கக் குடில் கட்டுகிறார்கள், நமக்கோ சூட்டை வெளியே தள்ளுவதுதான் பாடு. வெயில் ஷீட் வழியாக உள்ளே இறங்கி மண்ணைச் சுட வைக்கிறது, சூடான காற்று மேலே போகப் பார்த்தால் ஷீட் தடுக்கிறது. அதனால்தான் உச்சியில் திறப்பு விடுகிறோம், அதுவும் காற்று அடிக்கிற திசைக்கு எதிர்ப்பக்கமாக. காற்றைப் பார்த்தபடி விட்டால் ஒரு பெருங்காற்றில் ஷீட் உப்பிக் கிழிந்துவிடும். பக்கவாட்டில் 40 மெஷ் (அங்குலத்துக்கு 40 கண்) பூச்சிவலை, அதன்மேல் சுருட்டி ஏற்றுகிற திரை. காலையில் திரையை ஏற்றத் தாமதித்தால் இரவு ஷீட்டில் கோத்த நீர் சொட்டுச் சொட்டாக இலைமேல் விழும், அந்த ஈரம்தான் பூஞ்சாண நோய்க்கு வாசல். 35 டிகிரி தாண்டினால் குடைமிளகாய்ப் பூ உதிர ஆரம்பித்துவிடும், ஆகவே மதியம் உள்ளே நிழல்வலையை இழுத்துவிட வேண்டும்.

தேனீ விஷயம் சுருக்கமானது, பூச்சிவலை அதையும் உள்ளே விடாது. குடைமிளகாய் தன் மகரந்தத்திலேயே காய்க்கும், பிரச்சினை இல்லை. வெள்ளரி போடுகிறவர்கள் மட்டும் மகரந்தம் சேராமலே காய்க்கிற ரகமா என்று கேட்டு விதை வாங்குங்கள். திறந்தவெளி ரகத்தைக் கொண்டுவந்து வைத்தால் கொடி நிறையப் பூக்கும், பிஞ்சு பிஞ்சாகவே வெம்பிப்போகும்.

இப்போது மண். நான் அடிபட்டது இங்கேதான். இரண்டாவது போகத்தில் பாத்தி உயர்த்த வெளியிலிருந்து செம்மண் அடித்தேன், சோதிக்காமல். நட்டு இரண்டு மாதத்தில் சில செடிகள் மதியம் துவளும், சாயங்காலம் நிமிர்ந்துகொள்ளும். தண்ணீர் போதவில்லை என்று நினைத்துச் சொட்டுநீரைக் கூட்டிக்கொண்டே இருந்தேன். ஒருநாள் பொறுக்காமல் ஒரு செடியைப் பிடுங்கிக் கழுவிப் பார்த்தால் வேர் முழுக்கப் பாசிமணி கோத்த மாதிரி முடிச்சு முடிச்சாக இருந்தது. நூற்புழு, வேருக்குள் புகுந்து சாற்றை உறிஞ்சும் கண்ணுக்குத் தெரியாத புழு. வருடம் முழுக்க ஒரே பயிர், எப்போதும் ஈரம், கதகதப்பு, அதற்கு இதைவிட நல்ல இடம் எது? அந்தப் போகம் பாதிகூட வரவில்லை. அப்புறம் கோடையில் பாத்தியை நனைத்து, கண்ணாடி மாதிரி வெயிலை உள்ளே விடுகிற பிளாஸ்டிக் ஷீட்டால் இறுக மூடி ஆறு வாரம் வெயிலில் வேகவிட்டேன், வேப்பம்புண்ணாக்கு போட்டேன், ஒரு போகம் செண்டுமல்லி வைத்தேன். ஓரளவு அடங்கியிருக்கிறது, ஒழியவில்லை. இப்போது மண்ணோ நாற்றோ எது உள்ளே வந்தாலும் முதலில் சோதனை. நாற்றங்காலில் நாற்று வாங்கும்போது இரண்டு மூன்றையாவது குழித்தட்டிலிருந்து உருவி வேரைப் பாருங்கள், வெள்ளையாக, முடிச்சில்லாமல் இருக்க வேண்டும்.

இன்னொன்று யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. சொட்டுநீரில் கரைத்துவிடுகிற உரத்தில் செடி எடுத்தது போக மிச்சம் உப்பாக மண்ணிலேயே தங்கும். வெளிநிலத்தில் ஒரு நல்ல மழை அதைக் கழுவிக் கீழே இறக்கிவிடும், குடிலுக்குள் மழை ஏது? மூன்றாவது வருடம் என் பாத்தி ஓரங்களில் வெள்ளையாகப் பூத்திருந்தது, விரலால் தொட்டு நாக்கில் வைத்தால் கரித்தது. அதிலிருந்து ஒவ்வொரு போகம் முடிந்ததும் உரமில்லாத வெறும் தண்ணீரை நிறைய விட்டுக் கழுவுகிறேன், உரத்தையும் மண் பரிசோதனை பார்த்துக் குறைத்துவிட்டேன்.

என் குடிலின் 200 மைக்ரான் தடிமன் கூரை ஷீட்டுக்கு இப்போது நான்கு வயது, மங்கிவிட்டது, தூசி கழுவினாலும் பழைய வெளிச்சம் வரவில்லை. ஆவணியில் பயிர் முடிகிறது. உடனே புது ஷீட் ஏற்றாமல், பழையதைக் கழற்றிவிட்டு ஐப்பசி வரை குடிலைத் திறந்தே போடப்போகிறேன். எலும்புக்கூடு மாதிரி வெறும் பைப்புகள் நிற்கட்டும், அந்த மண்மேல் மழை நேராக விழட்டும்.